கேரமல் சாக்லேட்டுக்குள் கோலசிலாங்கூர்: ஒரு மிட்டாய் நாட்டுக்கு நாடு வேறுபடுவது குறித்து

வினாவும் எல்லையும்

சர்க்கரையையும் பாலையும் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சி எடுத்த பழுப்புநிறப் பாகைச் சாக்லேட் ஓட்டுக்குள் அடைத்தால் கிடைப்பது கேரமல் சாக்லேட். ஒரே வணிகப் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ ஒரே நிற உறையில் வந்தாலும், இங்கிலாந்தில் கிடைப்பது ஒருவிதமாகவும் அமெரிக்காவில் கிடைப்பது வேறுவிதமாகவும், மலேசியாவிலும் இந்தியாவிலும் கிடைப்பவை மற்றொரு விதமாகவும் இருப்பதைப் பயணம் செய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஓட்டின் கடினம், பாகின் ஓட்டம், நாக்கில் உருகும் வேகம், கடைசியில் தங்கும் சுவை ஆகிய நான்கிலும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்கு மக்களின் நாக்குப் பழக்கம், நாட்டின் வெப்பம், நிறுவனங்களின் சிக்கனம் என்று மூன்று விளக்கங்கள் வழக்கில் உள்ளன. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் மூன்றும் ஒரு முதன்மையான காரணத்தின் விளைவுகளையே பேசுகின்றன என்பதும், ஓட்டிலும் பாகிலும் சேர்ந்துள்ள கொழுப்பு எது, அந்தக் கொழுப்பைச் சாக்லேட் என்னும் பெயருக்குள் எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்று ஒவ்வொரு நாடும் எடுத்த முடிவே அந்த முதன்மையான காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வியை மலேசியாவின் வடசிலாங்கூரில் உள்ள ராசாவிலிருந்தும் பத்தாங் பெர்சுந்தையிலிருந்தும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. உலகச் சாக்லேட் தொழிலைப் பல பத்தாண்டுகள் சட்டமன்றங்கள் வரை இழுத்த கொழுப்பு செம்பனையின் கொழுப்பு. அந்தச் செம்பனை மலாயாவில் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட மண் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கிறது. சாக்லேட்டைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கொக்கோ விளையும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் சாக்லேட் செய்யப்படும் ஐரோப்பாவிலும் நின்றுவிடுகின்றன. நடுவில் இருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டங்கள், மிட்டாயின் உறைச் சீட்டில் ‘தாவரக் கொழுப்பு’ என்று அச்சிட்ட இரண்டு சொற்களுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன.

சுவை என்னும் விளக்கமும் அதன் போதாமையும்

நாட்டுக்கு நாடு மக்களின் சுவை வேறு, அதற்கேற்ப மிட்டாயும் வேறு என்பதே மிகவும் பரவலான விளக்கம். இதற்குச் சான்றாக அமெரிக்க, பிரிட்டிஷ் பால் சாக்லேட்டுகளின் வேறுபாடு அடிக்கடி காட்டப்படுகிறது. பிரிட்டிஷ் முறையில் பாலையும் சர்க்கரையையும் கொக்கோ விழுதையும் சேர்த்துக் காய்ச்சி, உலர்த்தி, பொடியாக்கிப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சூட்டிலேயே பாலும் சர்க்கரையும் வினைபுரிந்து மெல்லிய கேரமல் மணத்தை ஓட்டுக்கே கொடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஹெர்ஷி நிறுவனத்தின் சாக்லேட்டில் பாலின் கொழுப்புச் சற்றே சிதைந்து பியூட்டிரிக் அமிலம் உண்டாவதால், லேசான புளிப்பு இருக்கிறது. அதிலேயே வளர்ந்தவர்களுக்கு அது சாக்லேட்டின் இயல்பான சுவை; மற்றவர்களுக்குக் கெட்டுப்போன பாலின் நினைவு.

இந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் ஒரே நாக்குள்ள மக்களிடம் ஒரே பெயருள்ள இரண்டு மிட்டாய்கள் போட்டியிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் வாய்ப்புச் சந்தைக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை. கேரமல் நிரப்பிய சாக்லேட்டான ரோலோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹாலிஃபாக்ஸ் நகரில் 1890இல் டாஃபிக் கடையாகத் தொடங்கிய மெக்கின்டாஷ் நிறுவனம் 1937இல் அதை அறிமுகப்படுத்தியது. 1988இல் நெஸ்லே, மெக்கின்டாஷ் இணைந்திருந்த ரவுண்ட்ரீ நிறுவனத்தை வாங்கியபின் உலகின் பல நாடுகளில் ரோலோ நெஸ்லேயின் பொருளாயிற்று. அமெரிக்காவில் மட்டும் உரிமம் பெற்ற ஹெர்ஷி தன் சொந்தச் சாக்லேட்டில் அதைச் செய்துவருகிறது. கேட்பரியின் கதையும் இதுவே. பிரிட்டனில் 1976இல் ‘கேரமல்’ என்னும் பெயரில் வந்த கேட்பரிப் பட்டைக்கு நிகராக அமெரிக்கக் கடைகளில் இருப்பது ‘கேரமெல்லோ’. 1988இல் அமெரிக்கக் கேட்பரித் தொழிலை வாங்கிய ஹெர்ஷியே அதைச் செய்கிறது. பிரிட்டனில் செய்த கேட்பரிப் பொருள்களை இறக்குமதி செய்து அமெரிக்காவில் விற்ற ஒரு வணிக நிறுவனத்தின்மீது ஹெர்ஷி வழக்குத் தொடுத்து, 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த இறக்குமதியை நிறுத்தியது. மக்களின் சுவை இவ்வளவு உறுதியாக வேறுபட்டிருந்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவை எழுந்திருக்காது. ஆகவே, சுவை என்பது பல இடங்களில் உரிமத்தின் எல்லைக்குள் வளர்க்கப்பட்ட பழக்கம் என்று கொள்வதே பொருத்தம்.

கொழுப்பு என்ன செய்கிறது

சாக்லேட்டின் தனித்தன்மை கொக்கோ வெண்ணெயில் இருக்கிறது. கொக்கோக் கொட்டையில் ஏறத்தாழ பாதி இந்தக் கொழுப்புத்தான். இது ஆறு வகைப் படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வடிவமே பளபளப்பையும், ஒடிக்கும்போது எழும் ஓசையையும், 34 பாகை செல்சியசை ஒட்டிச் சட்டென்று உருகும் குணத்தையும் தருகிறது. உருக்கிய சாக்லேட்டைக் குறிப்பிட்ட முறையில் ஆற்றிச் சூடேற்றி அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவதைப் பதப்படுத்துதல் என்பார்கள். பதம் தவறினாலோ, பதமான சாக்லேட் வெயிலில் இளகி மறுபடி உறைந்தாலோ மேற்பரப்பில் வெண்படலம் தோன்றும். கடையில் அதைப் பார்ப்பவர்கள் பூசணம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது கொழுப்பின் வேறொரு படிக வடிவமே.

கொக்கோ வெண்ணெய் விலை மிக்கது. அதற்கு மாற்றாகச் செம்பனையிலிருந்து இரண்டு வேறுபட்ட பொருள்கள் கிடைக்கின்றன. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஒருவகை எண்ணெயும் உள்ளிருக்கும் பருப்பிலிருந்து முற்றிலும் வேறான மற்றோர் எண்ணெயும் எடுக்கப்படுகின்றன என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். சதையின் எண்ணெயை மெல்ல ஆற்றினால் கெட்டிப் பகுதி படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும். தெளிந்து நிற்கும் திரவப் பகுதியே மலேசியக் கடைகளில் 1 கிலோ நெகிழிப் பையில் 2 ரிங்கிட் 50 காசுக்கு மானிய விலையில் விற்கப்படும் சமையல் எண்ணெய். இப்பிரிப்பை மேலும் நுட்பமாகச் செய்து எடுக்கும் இடைப்பகுதியின் மூலக்கூறு அமைப்புக் கொக்கோ வெண்ணெயில் உள்ள மூன்று முதன்மைக் கூறுகளுள் ஒன்றை ஒத்திருக்கிறது. ஷியா, சால், சரவாக்கின் எங்காபாங் போன்ற மரங்களின் கொட்டைக் கொழுப்பு மற்றக் கூறுகளைக் கொடுக்கும். இரண்டையும் உரிய அளவில் கலந்தால் கொக்கோ வெண்ணெயோடு எந்த விகிதத்திலும் ஒத்துப்போகும் நிகர்க்கொழுப்புக் கிடைக்கிறது. இதை 1950களில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றது யூனிலீவர்.

பருப்பு எண்ணெயின் போக்கு வேறு. தேங்காய் எண்ணெயைப் போல லாரிக் அமிலம் மிகுந்த அது, கெட்டியாக்கினால் சாக்லேட்டைப் போலவே ஒடியும். பதப்படுத்தும் தொல்லையும் இல்லை. ஆனால் கொக்கோ வெண்ணெயோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கிவிடும். எனவே அதைப் பயன்படுத்துபவர்கள் கொக்கோ வெண்ணெயைத் தவிர்த்து, கொழுப்பு நீக்கிய கொக்கோத் தூளை மட்டும் சேர்க்கிறார்கள். தொழிலில் இதற்குக் காம்பவுண்டு என்று பெயர். மலிவான கேரமல் மிட்டாய்களின் ஓடும் ஐஸ்கிரீம் மேற்பூச்சும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஓட்டைப் பற்றியே பேசினால் பாதிக் கதை விட்டுப்போகும். கேரமல் பாகுக்குள்ளும் கொழுப்பு வேண்டும். இல்லையென்றால் அது பல்லில் ஒட்டிக்கொள்ளும். முற்காலத்தில் அந்த இடத்தில் வெண்ணெய் இருந்தது. அமெரிக்காவில் ஓரளவு ஹைட்ரஜனேற்றிய சோயா எண்ணெய் பல இனிப்புகளில் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டுச் சோயா விவசாயிகளின் அமைப்பு வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராக நடத்திய பரப்புரை இந்தப் போக்குக்குத் துணைநின்றது. பின்னர் ஹைட்ரஜனேற்றத்தில் உண்டாகும் மாறுபக்கக் (டிரான்ஸ்) கொழுப்பு இதயத்துக்குத் தீங்கானது என்பது நிறுவப்பட்டு, 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓரளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஹைட்ரஜனேற்றம் இல்லாமலே அரைத்திடமாக இருக்கும் எண்ணெய் தேவைப்பட்டபோது, பரப்புரையால் விரட்டப்பட்ட செம்பனையே திரும்பிவந்தது.

தென்னமரம் தோட்டத்திலிருந்து

பத்தாங் பெர்சுந்தைக்கு, அதாவது 2007இலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்ட சிற்றூருக்கு, அருகில் உள்ளது தென்னமரம் தோட்டம். ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இங்கே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். அவருக்கு முன்பு சுமத்ராவில் பெல்ஜியரான ஏட்ரியன் ஹாலே 1911இல் பெருந்தோட்டப் பயிராகச் செம்பனையைத் தொடங்கியிருந்தார். இருவருடைய மரங்களுக்கும் மூலம், 1848இல் சாவகத்தின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த நான்கு கன்றுகள். ஃபொகோனியே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்துரை ஒருவர் இலக்கியப் பரிசு பெற்ற செய்தி நூல்களில் இருக்கிறது. அதே தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களின் கதையை எழுதும் வேலை, பல பத்தாண்டுகள் கழித்து, மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் பங்குக்கு வந்தது.

ஆயினும் வடசிலாங்கூர் உடனே செம்பனைக்கு மாறிவிடவில்லை. ராசா, பத்தாங்காலி, கோலகுபு பாரு வரையிலான இரயில் பாதை ஓரத் தோட்டங்களும், புக்கிட் ரோத்தான், கோல்ஃபீல்ட்ஸ் போன்ற கோலசிலாங்கூர்ப் பக்கத் தோட்டங்களும் நெடுங்காலம் பால்மரமான ரப்பரையே நம்பியிருந்தன. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை சரிந்து, விடுதலைக்குப் பிந்திய அரசு பயிர்ப் பன்மையை ஊக்குவித்த பிறகே, 1960களிலும் 1970களிலும் பால்மரங்கள் பரவலாகச் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. வேலையின் தன்மையும் மாறியது. பெரட்டு எனப்படும் விடியற்காலை வருகைப்பதிவுக்குப் பின் ஒருவர் தம் நிரையில் தனியாகப் பால் வெட்டுவதற்குப் பதிலாக, குலை வெட்டுபவரும் அவருக்குப் பின்னால் உதிர்ப்பழம் பொறுக்குபவரும் என்று குடும்பமே சேர்ந்து செய்யும் வேலையாயிற்று. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் விழும். சாக்லேட்டுக்குப் போகும் நுட்பமான கொழுப்புக்கு இந்த அமில அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால், ஐரோப்பியத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாடு இந்தத் தோட்டத்தின் மண்சாலையிலேயே தொடங்கிவிடுகிறது.

1981இல் நடந்த ஒரு மாற்றம் மிட்டாயின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. அதுவரை தீபகற்ப மலேசியாவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதற்கு இயற்கையான பூச்சித் துணை போதவில்லை. தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலும் பெண்கள், மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைத் தூவிவந்தார்கள். யூனிலீவரைச் சேர்ந்த லெஸ்லி டேவிட்சனின் முயற்சியால், பூச்சியியலாளர் சையது கமரூனில் கண்டறிந்த சிறு கூன்வண்டு அந்த ஆண்டு ஜொகூரின் குளுவாங் அருகே விடப்பட்டது. ஓராண்டுக்குள் அது தீபகற்பம் முழுவதும் பரவியது. பூச்சி வந்ததும் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. தோட்டப் பெண்களின் வருமான வாயில்களுள் ஒன்று அதோடு அடைபட்டது. அதே வேளையில் குலையில் பழம் நிறைந்து பிடித்ததால் பருப்பின் விளைச்சல் வெகுவாக உயர்ந்தது. பருப்பு பெருகியதன் விளைவு, காம்பவுண்டு சாக்லேட்டுக்கு வேண்டிய லாரிக் கொழுப்பு ஏராளமாகக் கிடைத்தது. ஒரு வண்டு ஒருபுறம் தொழிலாளியின் கூலியைக் குறைத்து மறுபுறம் மிட்டாயின் விலையைக் குறைத்தது என்பதைத் தொழில்நுட்ப வரலாறுகள் வெற்றியாக மட்டுமே பதிவு செய்திருக்கின்றன. இந்த ஒருதலைப் பார்வை திருத்தப்பட வேண்டியது.

எண்ணெயைக் கச்சாவாக ஏற்றுமதி செய்வதைவிட நாட்டுக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டும் என்று 1970களின் நடுவிலிருந்து அரசு ஏற்றுமதி வரியைச் சீரமைத்ததால், கிளாங் துறைமுகப் பகுதியில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. 1979இல் தொடங்கிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம், மிட்டாய்க் கொழுப்புகளைத் தன் ஆய்வுத் துறைகளுள் ஒன்றாக்கியது; இன்று அதன் பணியை 2000இல் அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் தொடர்கிறது.

கொக்கோவும் இதே கடற்கரையில் இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பாகான் டத்தோவிலிருந்து சபாக் பெர்ணம் வழியாகக் கோலசிலாங்கூர் வரை, தென்னை நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ நடப்பட்டது. 1990இல் மலேசியா ஏறத்தாழ 2,47,000 டன் கொக்கோ விளைவித்து உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இருந்தது. மலேசியக் கொட்டையில் புளிப்பு அதிகம் என்று வாங்குபவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். ஆனால் அதன் வெண்ணெய் உலகிலேயே கடினமானவற்றுள் ஒன்று, பிரேசில் வெண்ணெயைவிட வெப்பத்தைத் தாங்கக்கூடியது. காய்த்துளைப்பான் பூச்சி 1980இல் சபாவிலும் பின்னர் தீபகற்பத்திலும் பரவியதும், செம்பனையின் வருமானம் நிலையாக இருந்ததும் சேர்ந்து கொக்கோவை வீழ்த்தின. இன்று ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூட எட்டுவது அரிது. இருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கொட்டையை இறக்கி அரைக்கும் தொழிலில் மலேசியா இன்னமும் முன்வரிசையில் நிற்கிறது. அரைக்கும் ஆலை தங்கிவிட்டது, மரம் போய்விட்டது. மரம் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது.

சட்டம் போட்ட கோடுகள்

மேற்சொன்ன கொழுப்புகளுள் எதை எவ்வளவு சேர்த்தால் அது இன்னமும் சாக்லேட் என்ற கேள்விக்கு நாடுகள் ஒரே விடை தரவில்லை. ஐரோப்பாவில் இந்தச் சர்ச்சை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் ஆகியவை 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது, கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பைச் சேர்க்கும் தங்கள் வழக்கத்தையும் கொண்டுவந்தன. பிரான்சும் பெல்ஜியமும் அதைக் கலப்படம் என்றே கருதின. இறுதியில் 2000ஆம் ஆண்டின் ஆணை 5 விழுக்காடு வரை தாவரக் கொழுப்பை அனுமதித்து, அதைச் சீட்டில் சொல்லவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எந்தக் கொழுப்பும் அல்ல. செம்பனை, எங்காபாங், சால், ஷியா, கோக்கம், மாங்கொட்டை ஆகிய ஆறு மட்டும். பருப்பு எண்ணெய் இதில் இல்லை. 2003 சனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இத்தகைய பொருளைச் ‘சாக்லேட் மாற்று’ என்று பெயரிட வற்புறுத்திய ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது.

அந்த ஆறில் சால், கோக்கம், மாங்கொட்டை ஆகிய மூன்றும் இந்திய மண்ணுக்கு உரியவை. இருந்தும் இந்திய உணவுச் சட்டம் நெடுங்காலம் கொக்கோ வெண்ணெய் தவிர வேறு தாவரக் கொழுப்பைச் சாக்லேட்டில் அனுமதிக்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் 5 விழுக்காட்டு விதியை ஏற்றது. நாட்டுக் காட்டில் பொறுக்கிய சால் விதையின் கொழுப்பு அயல்நாட்டுச் சாக்லேட்டுக்குள் போகலாம், உள்நாட்டுச் சாக்லேட்டுக்குள் போகக்கூடாது என்ற அந்த நிலை, கலப்படத்தைப் பற்றிய அச்சத்திலிருந்து பிறந்தது என்று விளக்கலாம்; ஆனால் வணிக நோக்கில் அதற்கு நியாயம் தேடுவது கடினம்.

அமெரிக்கா இன்றும் சாக்லேட் என்ற பெயருக்குள் வேறு தாவரக் கொழுப்பை விடுவதில்லை. 2007இல் உணவுத் தொழில்துறைச் சங்கங்கள் விதியைத் தளர்த்தக் கேட்டபோது, கிட்டார்டு போன்ற சிறு சாக்லேட் செய்பவர்கள் எதிர்த்துப் பரப்புரை செய்ததால் அம்முயற்சி நின்றுபோனது. மறு ஆண்டில் ஹெர்ஷி, சாக்லேட் போர்த்திய கேரமல் உருண்டையான மில்க் டட்சின் ஓட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயைச் சேர்த்து, உறையிலிருந்து ‘பால் சாக்லேட்’ என்னும் சொல்லை எடுத்துவிட்டது. பொருள் மாறியது, பெயர் பின்வாங்கியது. அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்துவது ஓட்டை மட்டுமே என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது: உள்ளிருக்கும் கேரமலில் செம்பனை எண்ணெய் சேர்ப்பதற்குத் தடையில்லை. ஆக, நாட்டின் எல்லைக்கோடு மிட்டாயின் நடுவே ஓடுகிறது. ஓடு ஒரு சட்டத்துக்கும் பாகு வேறொரு சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. நிரப்பிய சாக்லேட்டில் எடையில் 25 விழுக்காடாவது ஓடு இருந்தால் போதும் என்று ஐரோப்பிய ஆணையும் அனைத்துலக உணவுத் தர நெறியும் கூறுவதால், எஞ்சிய முக்கால் பங்கில் கொழுப்பைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் செய்பவருக்கே இருக்கிறது. கேரமல் சாக்லேட் வெறும் சாக்லேட்டைவிடக் கூடுதலாக நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்கு இதுவே நேரடியான காரணம்.

சட்டம் அனுமதித்தாலும் மக்கள் மறுத்த நேரமும் உண்டு. 2009இல் நியூசிலாந்தில் கேட்பரி தன் பால் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயின் ஒரு பகுதியை நீக்கிச் செம்பனைக் கொழுப்பைச் சேர்த்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆக்லாந்து விலங்கியல் பூங்கா தன் வளாகத்தில் கேட்பரி விற்பனையையே நிறுத்தியது. சில மாதங்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது. எதிர்ப்பில் சுவையைப் பற்றிய புகாரும் உராங்ஊத்தானின் காடழிப்பைப் பற்றிய கவலையும் ஒன்றாகக் கலந்திருந்தன. காடழிப்பு பற்றிய கவலை நியாயமானது. எனினும் போர்னியோவில் அண்மையில் அழிக்கப்பட்ட காட்டையும், நூறாண்டுக்கு முன்பே தோட்டமாகிவிட்ட கோலசிலாங்கூர் நிலத்தையும் ஒரே சொல்லால் குறித்த அந்த விவாதம், அங்கே உழைத்த மனிதர்களைப் பற்றி எதையும் கேட்கவில்லை.

வெப்பமும் மிட்டாயின் கட்டமைப்பும்

வெப்பமே காரணம் என்னும் விளக்கம் மலேசியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் எளிதில் பொருந்துவதாகத் தோன்றும். சிலாங்கூர்ச் சமவெளியில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுவது வழக்கம். கொக்கோ வெண்ணெய் உருகும் நிலைக்கு அது ஒரு படிதான் கீழே. தகரக் கூரையிட்ட தோட்டக் கடையிலோ நின்றிருக்கும் வேனிலோ அந்த ஒரு படியும் இருக்காது. உருகிய ஓட்டுக்குள் கேரமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: தனிச் சாக்லேட்டாவது மறுபடி உறையும், நிரப்பியது ஒழுகி உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் எக்லேர்ஸ் வகை மிட்டாய் வருகிறது. மலேசியாவில் கேட்பரி சொக்லேர்ஸ் என்றும் இந்தியாவில் எக்லேர்ஸ் என்றும் பெயர்பெற்ற அதில் கட்டமைப்புத் தலைகீழ். கேரமல் வெளியே, சாக்லேட் உள்ளே. அதிகச் சூட்டில் காய்ச்சி நீரை வற்றவைத்த கேரமல் 35 பாகையிலும் உருவம் குலையாது; உள்ளே சாக்லேட் இளகினாலும் வெளியேற வழியில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத கடையில் கண்ணாடிச் சாடியிலிருந்து ஒன்றிரண்டாக எடுத்து விற்க இதைவிடப் பொருத்தமான சாக்லேட் மிட்டாய் இல்லை. ஆனால் வெப்பநாட்டுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று முடிவு செய்வது பிழை. அது குளிர்நாடான பிரிட்டனில் பிறந்தது. வெப்பம் அதன் பிறப்பை விளக்கவில்லை. வேறு சாக்லேட்டுகள் தடுமாறிய இடத்தில் அது வேரூன்றியதை மட்டுமே விளக்குகிறது. மேலும், குளிர்சாதனப் பேரங்காடிகள் ராவாங்கிலும் கோலசிலாங்கூரிலும் வந்த பிறகு, நிரப்பிய சாக்லேட் பட்டைகளும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அப்படியும் பருப்பெண்ணெய்க் காம்பவுண்டு ஓடுள்ள மிட்டாய்கள் மறையவில்லை என்பதால், வெப்பத்தோடு விலையும் சேர்ந்தே இயங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பாலின் செய்தியும் இதோடு சேரும். பிரிட்டிஷ் கேரமலில் இனிப்பூட்டிய சுண்டப்பால் முக்கியமான பொருள். மலேசியத் தேநீர்க் கடைகளில் இன்று பாலாக ஊற்றப்படுவது பெரும்பாலும் பால்கொழுப்பின் இடத்தைச் செம்பனை எண்ணெய் நிரப்பிய இனிப்புக் கிரீமர். கொழுப்பு மாறிய ‘பாலின்’ சுவையை நாக்கு முன்பே ஏற்றுக்கொண்ட சமூகத்தில், கேரமலின் கொழுப்பு மாறியது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம்.

சீட்டும் சமயமும்

ஐரோப்பாவில் தாவரக் கொழுப்புத் தரக்குறைவின் அடையாளம். மலேசியாவில் அதற்கு நேர்மாறான மதிப்பும் உண்டு, காரணம் சமயம். 2014 மே 24 அன்று மலேசியச் சுகாதார அமைச்சு, கேட்பரியின் இரண்டு பால் சாக்லேட் வகைகளில் பன்றியின் மரபணுத் தடயம் காணப்பட்டதாக அறிவித்தது. சூன் 2 அன்று இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், தன் சோதனையில் அத்தகைய தடயம் இல்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட நாள்களின் கொந்தளிப்பு, மலேசியாவில் ஒரு சாக்லேட்டின் முதல் தகுதி அதன் கொழுப்பு விலங்கினுடையதா இல்லையா என்பதே என்று காட்டியது. 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகள் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, அவற்றின் வழிப்பொருள்கள் ஆகியவற்றைச் சீட்டில் வெளிப்படையாகக் குறிக்கச் சொல்கின்றன. ஒழுங்குமுறையின் முதல் பயனாளிகள் முஸ்லிம்கள் என்று கருதப்பட்டாலும், மாட்டு ஜெலட்டினைத் தவிர்க்கும் தோட்டத்துத் தமிழ் இந்துக் குடும்பங்களுக்கும், புரட்டாசியில் மரக்கறி உண்பவர்களுக்கும் அதே வரிதான் துணை. கொழுப்பையும் நீரையும் இணைக்கும் பால்மமாக்கிகள் விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யப்படலாம், செம்பனையிலிருந்தும் செய்யப்படலாம். மேற்சொன்ன மூன்று தரப்பினரும் ஐயமின்றி உண்ணக்கூடியது பின்னது. பாரிசில் கலப்படம் எனப்பட்ட பொருள் பத்தாங் பெர்சுந்தையில் தூய்மையின் உத்தரவாதமாகிறது. இந்த முரண்பாட்டைச் சுவையின் வரலாறு கணக்கில் கொள்ளாதவரை அது ஐரோப்பிய நாக்கின் வரலாறாகவே நீடிக்கும்.

கொக்கோ விலை உயர்ந்த பின்

2024 டிசம்பரில் கொக்கோவின் உலகச் சந்தை விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவின் விளைச்சல் வீழ்ச்சியே இதற்கு முதன்மைக் காரணம். 2025இல் பிரிட்டனில் பெங்குயின், கிளப் என்னும் பழைய பிஸ்கட்டுகளின் மேற்பூச்சில் கொக்கோ குறைந்து செம்பனை, ஷியாக் கொழுப்புக் கூடியதால், அவற்றைச் சட்டப்படி சாக்லேட் என்று சொல்ல முடியாமல் ‘சாக்லேட் சுவை’ என்று சீட்டு மாற்றப்பட்டது. மில்க் டட்சுக்கு 2008இல் நேர்ந்தது இப்போது இன்னொரு நாட்டில் நேர்கிறது. இத்தகைய மாற்றங்கள் தொடர்ந்தால், மலேசிய மலிவு மிட்டாய் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்குப் பிரிட்டிஷ் மிட்டாயும் வந்துசேரும். நாடுகளுக்கிடையிலான வேறுபாடு குறையும், ஆனால் எதிர்பார்த்த திசையில் அல்ல.

இந்த விலையேற்றத்தின் ஆதாயம் வடசிலாங்கூர்த் தமிழர்களை எந்த அளவுக்குச் சேரும் என்பது வேறு கேள்வி. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்ட 1980கள், 1990களுக்குப் பின் லயத்து வீடுகளிலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள் ராவாங்கிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். எஞ்சிய தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். உற்பத்தியாளராக ஒரு நூற்றாண்டு இந்தக் கொழுப்போடு தொடர்புகொண்டிருந்த சமூகம், இப்போது பேரங்காடியின் அடுக்கிலிருந்து அதை வாங்கும் நுகர்வோராக மாறியிருக்கிறது. வாங்கும் பட்டையின் பின்புறம் மலாயில் ‘லெமாக் சாயுர்’ என்றும் ஆங்கிலத்தில் அதற்கு இணையான சொற்களாலும் அச்சிட்டிருப்பது எந்த மரத்தின் கொழுப்பு, எந்த வட்டாரத்தின் விளைச்சல் என்று கேட்கும் உரிமையை மலேசிய நுகர்வோர் இயக்கங்கள் இன்னும் அழுத்தமாக முன்வைக்கலாம்.

வருங்கால ஆய்வுக்கு மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன: பழைய மிட்டாய் உறைகள், ஆலைகளின் தரப் பதிவேடுகள், மகரந்தம் தூவிய பெண்களின் வாய்மொழிச் சான்றுகள். முதல் இரண்டையும் நிறுவனங்களின் சேமிப்பறைகளில் தேடிக்கொள்ளலாம். 1981க்கு முன் அந்த வேலையைச் செய்தவர்களுள் இளையோருக்கே இப்போது வயது அறுபதைக் கடந்துவிட்டதால், மூன்றாவதைத் தேடுவதிலிருந்துதான் ஆய்வு தொடங்கியாக வேண்டும்.